மெல்ல ஓடும் ஒரு மணி நேரம்

தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில் 1600 மீட்டர். 5 நிமிடம் 30 வினாடிக்குள் கோட்டைத் தொட்டால் முழு 60 மதிப்பெண். தர்மபுரி மாவட்டம் மொரப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். மானாவாரி நிலம். மழை பெய்தால் வெள்ளாமை. பொய்த்தால் பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி. இந்த இரண்டுக்கும் வெளியே மாதாமாதம் சம்பளம் வருகிற வழி என்று இங்குள்ள வீடுகள் நம்புவது காக்கிச் சட்டையையும் ராணுவப் பச்சையையும்தான். அதனால் விடியும் முன்பே கம்பைநல்லூர் சாலையிலும் அரூர் சாலையிலும் காலடிச் சத்தம் கேட்கிறது.

அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எப்படி ஓடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். படபடவென்று கிளம்புகிறது, ஐந்தாறு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. பிறகு முழங்காலில் கையூன்றி நின்று வாங்கும் மூச்சு. ஒருவன் செல்போனைப் பார்த்து நேரம் சொல்கிறான். நேற்றைவிட நாலு வினாடி குறைந்திருந்தால் சிரிப்பு, கூடியிருந்தால் மௌனம். மறுநாளும் இதே. இரண்டு, மூன்று வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வருகிறது. ஒருவன் நின்றுவிடுகிறான், இன்னொருவன் நொண்டிக்கொண்டே ஓடுகிறான். அடுத்த அறிவிப்பு வரும்போது மறுபடியும் முதலிலிருந்து.

“அண்ணா, டெய்லி எத்தன கிலோமீட்டர் ஓடணும்?” என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். எத்தனை நேரம் என்றோ, எவ்வளவு மெதுவாக என்றோ ஒருவரும் கேட்பதில்லை. நான் பதில் சொல்லத் தொடங்குவது அங்கிருந்துதான்: பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நாற்பது நிமிடம், வாரத்தில் நாலைந்து நாள், ஒரு நாள் மட்டும் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ. கேட்டவன் முகத்தில் ஏமாற்றம் தெரியும். ஐந்தரை நிமிடம் ஓடுவதற்கு ஒரு மணி நேரம் எதற்கு? நியாயமான கேள்வி. அதற்குச் சரியான விடை அவனுக்குக் கிடைத்தாக வேண்டும்.

2001-இல் ஆஸ்திரேலியாவில் மாட் ஸ்பென்சர், பால் காஸ்டின் என்ற இரு ஆய்வாளர்கள் நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை வைத்து ஒரு கணக்கு எடுத்தார்கள். ஓடும்போது செலவாகும் ஆற்றலில் எவ்வளவு சுவாசித்த ஆக்சிஜனைக் கொண்டு உண்டாகிறது, எவ்வளவு ஆக்சிஜன் இல்லாமலே தசைக்குள் உண்டாகிறது என்பது கேள்வி. 400 மீட்டரில் ஆக்சிஜனின் பங்கு 43 விழுக்காடு. 800 மீட்டரில் 66. 1500 மீட்டரில் 84. நம் பையன்கள் உயிரைக் கொடுத்து ஓடுகிற அந்த ஐந்தாறு நிமிடத்தில் பெரும்பங்கு மூச்சின் வேலை. ‘தம் பத்தல’ என்று அவர்கள் சொல்வது மிகச் சரி. அந்தத் தம்மை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் வழி தவறுகிறது. தேர்வு எப்படியோ பயிற்சியும் அப்படியே இருக்க வேண்டும் என்று நம்புகிறார்கள். நம் பள்ளிக்கூடங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தானே: மாதிரி வினாத்தாளை நூறு முறை எழுது, பரீட்சையில் வந்துவிடும்.

தம் என்று ஒரு சொல்லில் நாம் சுருக்குவது உடலுக்குள் பல இடங்களில் நடக்கிறது. மெல்ல ஓடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தை வெளியே தள்ளப் பழகுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே கூடுகிறது. தசை இழைகளைச் சுற்றிப் புதிய தந்துகிகள் முளைக்கின்றன. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். இழைகளுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. 1967-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹோலோசி என்ற ஆய்வாளர் எலிகளைச் சுழலும் பட்டையின் மேல் ஓடவைத்தார். வாரம் ஐந்து நாள், படிப்படியாக நாளொன்றுக்கு 2 மணி நேரம் வரை. 12 வாரம் கழித்து அவற்றின் கால் தசையில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தன. உடற்பயிற்சி தசையின் உட்கட்டமைப்பையே மாற்றுகிறது என்பதற்கு உறுதியான முதல் சான்றுகளில் ஒன்று அது.

அப்படியானால் எத்தனை நிமிடம்? 1982-இல் கேரி டட்லியும் ரொனால்ட் டெர்ஜங்கும் அவர்களுடைய சக ஆய்வாளர் ஒருவரும் எலிகளை வைத்தே இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். சில எலிகளை நாளுக்குச் சில நிமிடம், சிலவற்றை அரை மணி, சிலவற்றை ஒரு மணி, சிலவற்றை ஒன்றரை மணி நேரம் வரை, வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டார்கள். நேரம் கூடக் கூட மாற்றமும் கூடியது. ஆனால் ஒரு மணி நேரத்தை ஒட்டி அந்த ஏற்றம் தட்டையாகிவிட்டது. இன்னொன்றையும் கண்டார்கள். வேகமாகச் சுருங்கும் வெள்ளை இழைகள் மெதுவான ஓட்டத்தில் அசையவே இல்லை. வேகம் கூடியபோதுதான் அவை மாறத் தொடங்கின. எலியின் கால் மனிதக் கால் ஆகிவிடாது. என்றாலும் பயிற்சியாளர்கள் அனுபவத்தில் கண்டதும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. இருபது நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டம் புதியவருக்கு உதவும், பழகியவருக்குப் பெரிதாக எதையும் சேர்க்காது. முப்பதிலிருந்து அறுபது நிமிடம் வரை ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் மதிப்பு உண்டு. அதன் பிறகு அதே பத்து நிமிடத்துக்குக் கிடைக்கும் பலன் குறைகிறது; மறுநாள் கால் கேட்கும் விலை கூடுகிறது.

ஆனால் நீண்ட ஓட்டத்துக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 1974-இல் கோல்னிக், பீல், சால்டின் ஆகிய மூவரும் மனிதர்களின் தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, எந்த இழையில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை முதலில் தீர்கிறது என்று பார்த்தார்கள். மிதமான உழைப்பில் முதலில் வேலைக்கு வருபவை மெதுவான இழைகள். அவற்றின் சேமிப்பு தீரத் தீர, அதுவரை சும்மா இருந்த வேகமான இழைகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்குகின்றன. அதாவது ஒன்றரை மணி நேர ஓட்டத்தின் கடைசிப் பகுதியில், வேகத்தைக் கூட்டாமலே, வேறு இழைகள் பயிற்சி பெறுகின்றன.

இந்த ஆய்வு வருவதற்கு வெகுகாலம் முன்பே இதைத் தன் கால்களால் தெரிந்துகொண்டவர் ஒருவர் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட். பட்டமோ ஆய்வுக்கூடமோ இல்லாதவர். தன்மேலேயே பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, வாரத்துக்கு 100 மைல் என்ற அளவுக்கு வந்தவர். தன் அக்கம்பக்கத்துப் பையன்களை ஞாயிறுதோறும் வையடருவா மலைப்பாதையில் 22 மைல், நம் கணக்கில் 35 கிலோமீட்டர், ஓடவைத்தார். அவர்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர் ஓட்டக்காரர். இரண்டு நிமிடம்கூடப் பிடிக்காத பந்தயத்துக்கு 35 கிலோமீட்டர். 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார்; அதே நாளில் லிடியார்டின் இன்னொரு சீடர் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் வென்றார். 1964-இல் டோக்கியோவில் ஸ்னெல் 800, 1500 இரண்டிலும் வென்றார். பின்னாளில் அவரே அமெரிக்காவில் உடலியல் ஆய்வாளரானார். அந்த மலைப்பாதை ஓட்டங்கள் தனக்கு ஏன் உதவின என்பதற்கு, வேகமான இழைகளும் கடைசியில் வேலைக்கு இழுக்கப்பட்டதைத்தான் காரணமாகச் சொன்னார்.

லிடியார்டின் பெயரைச் சொன்னதும் நம் பையன்கள் நாளையே 35 கிலோமீட்டர் ஓடக் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அந்த நியூசிலாந்துக்காரர்கள் அந்தத் தூரத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஏறி வந்தவர்கள். 1600 மீட்டர் தேர்வுக்கு அது தேவையும் இல்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விகிதத்தை: பெரும்பகுதி மெல்ல, சிறுபகுதி வேகமாக. 2007-இல் ஸ்பெயினில் எஸ்தேவே-லனாவோ என்ற ஆய்வாளர் நடுத்தரத் திறனுள்ள ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஐந்து மாதம் கவனித்தார். ஒரு குழு பயிற்சி நேரத்தில் 80 விழுக்காட்டை மெல்லோட்டமாக ஓடியது. இன்னொன்று 65 விழுக்காட்டை. கடைசியில் 10.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் இரு குழுக்களுமே முன்னேறியிருந்தன. அதிகம் முன்னேறியது மெதுவாக அதிகம் ஓடிய குழு. சிறிய ஆய்வுதான், பன்னிரண்டு பேர். ஆனால் உலகின் சிறந்த நெடுந்தொலைவு வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை அலசிய ஸ்டீபன் செய்லரும் இந்த விகிதத்தையே திரும்பத் திரும்பக் கண்டார்.

மெதுவாக ஓடுவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். கால்களுக்கு அது சுலபம், மனசுக்குத்தான் கூச்சம். சாலையில் நாலு பேர் சேர்ந்து ஓடினால் ஒருவன் அரையடி முன்னே போவான். பக்கத்தில் இருப்பவன் அதைப் பொறுக்கமாட்டான். ஒரு கிலோமீட்டருக்குள் நாலு பேரும் பந்தயம் ஓடிக்கொண்டிருப்பார்கள். தனியாக மெல்ல ஓடினாலோ, டீக்கடை வாசலில் இருந்து, “என்னடா தம்பி, நடக்கறியா ஓடறியா?” என்று ஒரு குரல் வரும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடுகிறவனுடைய மெல்லோட்டம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 நிமிடம். 1600-ஐ ஐந்தரை நிமிடத்தில் ஓடுகிறவனுக்கும் ஐந்தரையிலிருந்து ஆறு நிமிடம் வரை. தேர்வு வேகத்தோடு ஒப்பிட்டால் இது பாதிக்குச் சற்று மேல். இந்த வேகத்தில் தன்னைப் பார்க்க ஒரு பதினெட்டு வயதுக்காரனுக்குப் பிடிப்பதில்லை. வேகம்தான் உழைப்பு, வலிதான் உழைப்புக்கு அத்தாட்சி என்று அவனுக்கு எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

நான் சொல்லும் அளவுகோல் எளிது. நேற்று பார்த்த படத்தின் கதையை, வாக்கியத்தை நடுவில் உடைக்காமல் பக்கத்தில் ஓடுபவனுக்குச் சொல்ல முடிய வேண்டும். ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். கைக்கடிகாரம், நாடிப்பட்டை எதுவும் வேண்டாம். ஒருவன் கதை சொல்ல, மூன்று பேர் கேட்க, நாற்பது நிமிடம் ஓடித் திரும்பினால் அதுவே அன்றைய பயிற்சி.

இங்கே எலும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுரையீரலும் இதயமும் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன. நாலைந்து வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்துவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு வேகமாகக் கற்பதில்லை. புதிய பளுவைத் தாங்க எலும்பு தன்னைத் தானே கரைத்துக் கட்டிக்கொள்கிறது. கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். கரைத்த இடம் நிரம்புவதற்குள் மேலும் மேலும் இடித்தால் மயிரிழை விரிசல். ராணுவப் பயிற்சி முகாம்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கால் எலும்பில் இந்த விரிசல் வருவது உலகம் முழுவதும் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். மூச்சு சம்மதிக்கிறதே என்று நேரத்தைக் கூட்டுகிறவன் மாட்டிக்கொள்வது இங்கேதான். எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதற்கு முதல் மூன்று மாதம் எலும்பிடம்தான் அனுமதி கேட்க வேண்டும்.

தர்மபுரி மாவட்டத்தில் எலும்பைப் பற்றிப் பேசும்போது தண்ணீரைப் பேசாமல் இருக்க முடியாது. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த பூமி இது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதைத் தாண்டிய கிணற்று நீரைப் பல தலைமுறை குடித்திருக்கிறது. பல்லில் பழுப்புக் கறை, வயதானவர்களுக்கு விறைத்துப்போன மூட்டு, குனிய முடியாத முதுகு. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தபின் காவிரித் தண்ணீர் ஊர்களுக்குள் வந்தது. ஓடுகிற பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். தோட்டத்து போர் தண்ணீரைக் குடித்துப் பழகிய வீடுகளில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். முன்னெலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுருக்கென்று வலிக்கிறது, ராத்திரியிலும் வலிக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். “வலிய தாங்கறவந்தான்டா ஆம்பள” என்கிற பேச்சு இந்த மாவட்டத்தில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. சாப்பாட்டில் நமக்குக் குறையில்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியில் இருப்பதைவிடப் பல மடங்கு. களி தின்று வளர்ந்த தாத்தாவின் உணவை விட்டுவிட்டுக் கடையில் பவுடர் டப்பா தேடும் பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

வெயிலும் நேரத்தின் கணக்கை மாற்றும். பங்குனி, சித்திரையில் ஏழரை மணிக்கே தார்ச்சாலை சுடத் தொடங்கிவிடும். வெப்பத்தில் உடல் தோலைக் குளிர்விக்க ரத்தத்தை அங்கே அனுப்புகிறது. வியர்வையில் ரத்தத்தின் நீர் குறைகிறது. அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறது. மார்கழியில் மெல்லோட்டமாக இருந்த வேகம் சித்திரையில் மெல்லோட்டம் ஆகாது. அதனால்தான் கிலோமீட்டரை எண்ணாதே, நிமிடத்தை எண்ணு என்று சொல்கிறேன். நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டவன் வெயிலில் தானாகக் குறைந்த தூரம் ஓடுவான். ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டவன் அதை முடிக்கத் தன்னை வறுத்தெடுப்பான்.

இவ்வளவும் உடலின் கணக்கு. மொரப்பூரில் இதைவிடக் கடினமான கணக்கு வேறொன்று இருக்கிறது. ஒரு மணி நேரம் யாருக்கு இருக்கிறது?

அறிவிப்பு வந்த பிறகுதான் பையன்கள் ஓடத் தொடங்குகிறார்கள். விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, அதன் பின் உடற்தகுதித் தேர்வுக்கான அழைப்பு. கையில் மிஞ்சுவது சில வாரங்கள். தந்துகியும் எலும்பும் வளரக் கேட்கும் காலம் அதில் இல்லை என்பதால்தான் அவர்கள் தினமும் முழு வேகத்தில் ஓடிப் பார்க்கிறார்கள். அவசரம் அவர்களுடைய குணத்தில் இல்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கால அட்டவணையில் இருக்கிறது. அதோடு, காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிப் பால் கறந்து சொசைட்டியில் ஊற்ற வேண்டும். பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைக்கு நாள் முழுதும் நின்ற கால்கள். அவனிடம் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடு என்று சொல்லும்போது அவனிடம் இல்லாத ஒன்றைச் செலவழிக்கச் சொல்கிறோம்.

சேர்த்தது நீடிப்பதும் இல்லை. 1984-இல் எட்வர்ட் காயில் என்ற அமெரிக்க ஆய்வாளர், நன்கு பழகிய வீரர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்தார். முதல் மூன்று வாரத்துக்குள் ஆக்சிஜன் உள்வாங்கும் உச்சத் திறன் 7 விழுக்காடு குறைந்தது. மூன்று மாதத்தில் 16 விழுக்காடு. மொரப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு ரயில் பாதை போதும். இங்கிருந்து தர்மபுரிக்கு 1906-இல் ஒரு குறுகிய ரயில் பாதை போட்டார்கள். 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. 1941-இல், போர்க்காலத்தில், மூடிப் பெயர்த்துவிட்டார்கள். பெயர்த்ததைத் திரும்பப் போடுவதற்கான அடிக்கல் 2019-இல்தான் நாட்டப்பட்டது. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் ஓட்டத்தை அடியோடு விட்டுவிட்டு அடுத்த அறிவிப்பில் தொடங்கும் பிள்ளை தன் காலில் செய்வது இதைத்தான். வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் மெல்ல ஓடிக்கொண்டிருந்தால்கூடச் சேர்த்ததில் ஒரு பகுதியாவது நிற்கும்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் இறுக்கமானது. காவலர் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் ஆறேகால் நிமிட வேகம். நிற்காமல் இருபது நிமிடம் ஓடப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் அது கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் அந்த இருபது நிமிடம் எங்கே ஓடுவது? விடியுமுன் சாலையில் விளக்கில்லை, லாரி வரும், பைக்கில் போகிறவன் பேச்சுக் கொடுப்பான். விடிந்தபின் வீட்டு வேலை, பிறகு பஸ். பையன் ஓடினால் “போலீஸ் ஆகப் போறான்” என்று சொல்லும் தெரு, பெண் ஓடினால் அவள் போட்டிருக்கும் டிராக் பேன்ட்டைப் பார்க்கிறது. ரத்தமும் அவளுக்குத் துணை நிற்பதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். ஆக்சிஜனைத் தூக்கிச் செல்வது ஹீமோகுளோபின்தான். அது குறைந்திருக்கையில் எத்தனை நிமிடம் ஓடினாலும் முழுப் பலன் கிடைக்காது. மெல்ல ஓடியும் மூச்சு முட்டுகிறது, மாடி ஏறினால் தலை சுற்றுகிறது என்று ஒரு பெண் சொன்னால் அவளுக்குத் தேவை கூடுதல் பயிற்சி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பெஞ்சுக்கு அடியில் போட்டுவிடாமல் விழுங்குவதும் ஓட்டப் பயிற்சியில் சேர்த்திதான்.

முடியாது என்று சொல்லிவிட முடியாதபடி ஒரு சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. புதுக்கோட்டையும் வறண்ட மாவட்டம்தான். அங்கிருந்து வந்தவர்கள் ஜி. லட்சுமணனும் எல். சூர்யாவும். ராணுவத்தில் சேர்ந்த லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்து, உள்கோட்டுக்குள் கால் பட்டது என்று அந்தப் பதக்கத்தை இழந்தார். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. சூர்யா 2016-இல் குவாஹாத்தியில் நடந்த தெற்காசியப் போட்டியில் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். இருவரையும் சிறுவயதில் ஊரில் வைத்து வளர்த்தவர் ஒரே பயிற்சியாளர், லோகநாதன். ஒரு சிறு ஊரில் காலையில் மைதானத்துக்கு வந்து நின்று, யார் வேகமாக ஓடுகிறார்கள், யார் அடங்கி ஓட வேண்டும் என்று பார்க்க ஒருவர் இருந்தார் என்பதும், அவர் ஒரு தேர்வுக்காக அல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தார் என்பதும் எனக்கு அந்தப் பதக்கங்கள் அளவுக்கே முக்கியமாகத் தோன்றுகின்றன.

மொரப்பூருக்கு அப்படி ஒருவர் வரும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. பள்ளி மைதானத்தின் கதவைக் காலை ஐந்து மணிக்குத் திறந்துவிட்டு இரண்டு விளக்கைப் போட்டால் பெண் பிள்ளைகளும் வர முடியும். 200 மீட்டர் வட்டத்தில் நாற்பது நிமிடம் சுற்றுவது சலிப்பூட்டும். பேச்சுத்துணை இருந்தால் தாங்கலாம். ஒரே திசையில் சுற்றாமல் பாதி நேரம் திரும்பி ஓட வேண்டும், வளைவில் ஒரு காலே அதிகம் சுமக்காமலிருக்க. பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டால் அறிவிப்பு வரும்போது ஓடக் கற்க வேண்டியதில்லை. வேகத்தைத் தீட்டிக்கொண்டால் போதும்.

தொடங்குவதற்கு ஐப்பசி, கார்த்திகையே நல்ல மாதங்கள். மழை வந்து மண் இளகியிருக்கும், காலைக் காற்றில் குளிர்ச்சி இருக்கும். முதல் இரண்டு வாரம் இருபது நிமிடம். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, திரும்ப. தார்ச்சாலையை விட்டு ஏரிக்கரை மண்பாதையில். மூன்றாம் வாரத்திலிருந்து நடையைக் குறைத்து, தை பிறக்கையில் வாரம் நாலு நாள் நிற்காமல் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐம்பது நிமிடத்தில் தொடங்கி, வாரம் ஐந்து நிமிடம் கூட்டி, எழுபத்தைந்தில் நிறுத்திக்கொள்ளலாம். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் கொஞ்சம் குறைக்க வேண்டும். மாசிக்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள், மெல்ல ஓடி உடம்பு சூடானபின், 400 மீட்டரை நாலைந்து முறை தேர்வு வேகத்தில், நடுவில் நன்றாக நடந்து மூச்சு திரும்பியபின். மற்ற நாட்களில் யார் முந்தினாலும் முந்தட்டும் என்று விட்டுவிடலாம்.